சீனப் பீங்கான் தோட்ட ஸ்டூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சாமான் கடையிலோ ஏலத்திலோ உறவினர் வீட்டு முற்றத்திலோ ஒரு சீனப் பீங்கான் ஸ்டூலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இங்கே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: வெளியே இருக்கும் சித்திரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஸ்டூலின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் பாருங்கள்.

இது உண்மையில் உட்காருவதற்குச் செய்ததா, அழகுக்கா?

உட்காருவதற்குத்தான். சீனத் தோட்டத்தில் கல் மேசையைச் சுற்றி நான்கு ஸ்டூல் போட்டுத் தேநீர் குடிப்பதும் சதுரங்கம் ஆடுவதும் வழக்கம். மரத்தை மழையில் விட முடியாது. கல் இருக்கையை இடம் மாற்ற நாலு பேர் வேண்டும். பீங்கான் நனைந்தாலும் கெடாது, ஒருவரே தூக்கி நகர்த்தலாம், வெயில் காலத்தில் உட்கார்ந்தால் சில்லென்றிருக்கும். சீன மொழியில் இதற்கு உள்ள பெயர்களில் ஒன்றுக்குக் 'குளிர்ந்த இருக்கை' என்றே பொருள். இன்னொரு பெயர் ஷியூதுன். அதற்குப் 'பூத்தையல் இருக்கை' என்று பொருள். பூவேலை செய்த துணியையோ திண்டையோ மேலே போட்டு உட்கார்ந்ததால் வந்த பெயர் இது. வீட்டுக்குள்ளேயும் இதைப் பயன்படுத்தினார்கள். 'தோட்ட ஸ்டூல்' என்பது ஐரோப்பியர் வைத்த பெயர்.

ஏன் முரசு போல இருக்கிறது? மேலும் கீழும் வரிசையாக இருக்கும் குமிழ்கள் எதற்கு?

நம் மிருதங்கத்தில் தோலை வார் இழுத்துக் கட்டுகிறோம். சீன முரசில் தோலை விளிம்பைச் சுற்றி ஆணி அடித்துப் பிடிப்பார்கள். ஸ்டூலில் இருக்கும் குமிழ்கள் அந்த ஆணித் தலைகளின் பாவனை. நடுவில் வயிறு பருத்து, மேலும் கீழும் குறுகி, இரண்டு வரிசை ஆணியோடு நிற்பதெல்லாம் முரசைப் பார்த்துச் செய்ததுதான். இதற்கும் முன்பு பிரம்பில் பின்னிய உருண்டை இருக்கைகள் இருந்தன. சோங் அரச வம்சக் காலத்து (960–1279) ஓவியங்களில் பக்கவாட்டில் பெரிய திறப்புகளோடு அவற்றைப் பார்க்கலாம். முரசு வடிவம் தவிர ஆறு பட்டை, எட்டு பட்டை, பூசணிக்காய் போல வரி வரியாகப் பிரிந்தது என்று பல வடிவங்கள் உண்டு.

மேல்தளத்திலும் பக்கங்களிலும் இருக்கும் ஓட்டைகள் வெறும் அலங்காரமா?

இல்லை. மூன்று வேலை செய்கின்றன. முதலாவது சூளையில்: எல்லாப் பக்கமும் மூடிய பெரிய உருவத்தைச் சுட்டால் உள்ளே மாட்டிய ஈரமும் காற்றும் வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். ஓட்டை இருந்தால் வெப்பமும் உள்ளேயும் வெளியேயும் ஓரளவு சமமாகப் போகும். இரண்டாவது, மேலே தேங்கும் மழை நீர் வடிய. மூன்றாவது, விரல் நுழைத்துத் தூக்க. பெரும்பாலும் இந்த ஓட்டை, நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்புக்காசின் உருவத்தில் இருக்கும். சிலவற்றில் இரண்டு காசுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

இப்போது சந்தையில் வருபவை எந்தக் காலத்தவை?

பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இன்றுவரை செய்தவை. அதற்கு முந்தியவை அபூர்வம், விலையும் வேறு தளம்.

மிங் காலத்து (1368–1644) ஸ்டூல்களில் ஃபாஹுவா என்ற வகை தனிச்சிறப்புள்ளது. மருதாணிக் கூம்பால் கையில் கோலம் போடுவது போல, களிக்கூழைப் பிழிந்து மேடான கோடுகள் வரைந்து, அந்த வரப்புகளுக்குள் மயில்கழுத்து நீலம், கத்தரிப்பூ நிறம், மஞ்சள் ஆகிய பூச்சுகளை (சூளையில் உருகிக் கண்ணாடி போல் படியும் 'கிளேஸ்') ஒன்றோடொன்று கலக்காமல் நிரப்புவார்கள். செஜியாங் மாகாணத்து லோங்சுவானில் பச்சைப் பூச்சு ஸ்டூல்கள் செய்தார்கள். சீனாவின் பெரிய பீங்கான் ஊரான ஜிங்தெஜென்னில் வெள்ளைமேல் நீலத்தில் செய்தார்கள்.

சிங் காலத்தில் (1644–1912) ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி பெருகியது. ஜிங்தெஜென்னில் சுட்ட வெள்ளைப் பாண்டங்களைக் காண்டன் நகரத்துக்கு, அதாவது இன்றைய குவாங்சோவுக்கு, கொண்டுவந்து அங்கே வண்ணம் தீட்டிக் கப்பலேற்றினார்கள். மனிதர்கள் உள்ள கட்டமும் பூ, பறவை, பட்டாம்பூச்சி உள்ள கட்டமும் மாறிமாறி வர, இளஞ்சிவப்பும் பச்சையும் தங்கமும் இழைந்த 'ரோஸ் மெடாலியன்' வகை இந்த வழியில் வந்ததே. இதே காலத்து ஏற்றுமதி ஸ்டூல்களைப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சீனக் குடும்பங்களின் பழைய வீட்டு முற்றங்களிலும் காணலாம்.

பீங்கானா, வேறு மண்ணா? எப்படிப் பிரிப்பது?

அடிவிளிம்பில் பூச்சு இல்லாத இடத்தைத் தேடி ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அப்படியே முத்தாக நின்றால் பீங்கான், 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட்டது. மெல்லக் கறுத்து, கொஞ்சம் உறிஞ்சினால் நம் ஊறுகாய் ஜாடி ரகம். ஃபோஷான் பக்கத்து ஷீவானில் செய்த கெட்டிப் பச்சைப் பூச்சு ஸ்டூல்கள் இந்த வகை. வைத்த உடனே குடித்துவிட்டால் குறைந்த சூட்டில் வெந்த மண். வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற பீங்கான் சோதனை இங்கே செல்லாது, ஸ்டூலின் சுவர் அதற்கு மிகத் தடிமன்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். ஸ்டூலை எங்கே வைக்கலாம், எப்படிக் கழுவலாம் என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

பழசா, புதுசா? வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

ஒரு டார்ச், பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், ஒரு மெத்தை விரிப்பு போதும். ஸ்டூலை விரிப்பின்மேல் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இருவர் செய்வது நல்லது.

முதலில் உள்ளே கையை விடுங்கள். இவ்வளவு பெரிய உருவத்தை ஒரே மூச்சில் சக்கரத்தில் தூக்கிவிட முடியாது, களிமண் தன் பாரம் தாங்காமல் சரிந்துவிடும். அதனால் இரண்டு மூன்று பகுதிகளாகச் செய்து களிக்கூழ் தடவி ஒட்டினார்கள். வயிற்றுப் பகுதியின் உட்சுவரில் படுக்கைவாட்டாக ஓடும் ஒரு வரப்பு கைக்குத் தட்டுப்படும். விரல் இழுத்த சுழிகளும் இருக்கலாம். சுவரின் கனம் இடத்துக்கு இடம் மாறும். ஆறு பட்டை ஸ்டூலில் கதை வேறு: அது தட்டிய பலகைகளை மூலைக்கு மூலை சேர்த்தது, ஆகவே நெட்டுவாட்டு ஒட்டுகள் இருப்பது இயல்பு.

அடுத்து, வெளியே உள்ள ஒரு ஆணிக் குமிழுக்கு நேர் பின்னால் உள்ளே விரலை வையுங்கள். பழைய ஸ்டூலில் குமிழ் தனியாக உருட்டி ஒட்டியது, உட்சுவர் அந்த இடத்தில் சமமாக இருக்கும். அங்கே ஒரு சிறு குழி தட்டுப்பட்டால், பிளாஸ்டர் அச்சில் களிக்கூழை ஊற்றி வார்த்தது என்று பொருள். கூழ் அச்சின் வளைவை அப்படியே பின்தொடர்ந்ததால் வந்த குழி அது. குமிழ்தோறும் குழி, எங்கும் ஒரே கனம், உருண்டை ஸ்டூலில் நெட்டுவாட்டாக ஓடும் தையல் கோடு, தூக்கினால் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த எடை: இவை சேர்ந்து வந்தால் 20ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடுங்கள். எங்களைக் கேட்டால், மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இந்தக் குமிழ்க் குழிச் சோதனைதான் நம்பகமானது. வெளியே எவ்வளவு திறமையாகப் பழசாக்கினாலும் உள்ளே யாரும் மெனக்கெடுவதில்லை.

மூன்றாவது, தேய்மானம். நூறு ஆண்டு மனிதர்கள் உட்கார்ந்து எழுந்த இருக்கையில் மேல்தளத்தின் மேடான நடுப்பகுதியில் பல திசைகளில் ஓடும் நுண்கீறல்கள் இருக்கும். குமிழ்களின் உச்சியில் தங்கமோ வண்ணமோ கரைந்திருக்கும், குமிழ்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் அதே வண்ணம் புதிதாக நிற்கும். கீறல்கள் ஒரே திசையில் ஓடினால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். மேடு பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அமிலத்தில் தோய்த்தது. பள்ளங்களில் பழுப்புச் சேறு அப்பியிருந்தால் ஈரத் துணியால் ஓரிடத்தில் துடைத்துப் பாருங்கள். நெடுங்கால அழுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

கடைசியாக அடிவிளிம்பு. கத்தியால் சீவிய தடம், ஒட்டிக்கொண்ட சூளை மணல், பூச்சு முடியும் இடத்தில் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஆகியவை நல்ல அறிகுறிகள். தரையில் படும் பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்து, உள்பக்க விளிம்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

எந்த அரசர் ஆட்சியில் செய்தது என்று சொல்லும் அரச முத்திரை இருக்கிறதே, போதாதா?

போதாது. முன்னோர் காலத்து முத்திரையை மரியாதைக்காக இடுவது சீனக் குயவர்களின் நெடுநாள் வழக்கம். ஏமாற்றும் நோக்கத்தோடு இடுவதும் உண்டு. முத்திரை சொல்வதை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உதாரணமாக, பொன்னைப் பயன்படுத்திச் செய்யும் இளஞ்சிவப்பு வண்ணம் 1720ஐ ஒட்டித்தான் சீனப் பீங்கானில் புழக்கத்துக்கு வந்தது. கான்ஷி பேரரசரின் ஆட்சி 1722இல் முடிந்துவிட்டது. ஆகவே கான்ஷி முத்திரையும் உடல் முழுக்க ரோஜாநிறப் பூக்களுமாக ஒரு ஸ்டூல் வந்தால் முத்திரையை நம்பாதீர்கள். மறுபுறம், நல்ல 19ஆம் நூற்றாண்டு ஸ்டூல்கள் பலவற்றில் முத்திரையே இருக்காது. அது குறையல்ல.

ஆங்கிலத்தில் 'சைனா' என்று அச்சிட்டிருந்தால்?

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே 'சைனா' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. 'மேட் இன் சைனா' என்றிருந்தால் பொதுவாக இன்னும் பிந்தி, 1920களிலிருந்து. எழுத்தே இல்லையென்றால் 1891க்கு முந்தியது என்று சிலர் விற்பார்கள். அது தப்புக் கணக்கு. வேறு நாட்டுக்குப் போன பொருளில் அந்த எழுத்து தேவைப்படவில்லை. காகித வில்லை ஒட்டியிருந்தால் அது எப்போதோ உரிந்து போயிருக்கும்.

வௌவால், காசு, கொக்கு என்று வரைந்திருப்பதற்குப் பொருள் உண்டா?

உண்டு, பெரும்பாலும் சிலேடை. சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒரே ஒலி: ஃபூ. ஐந்து வௌவால் என்றால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கம், நிறைவான முடிவு என்ற ஐந்து பேறுகள். காசு என்ற சொல்லும் 'முன்னால்' என்ற சொல்லும் ஒரே ஒலி: சியென். காசின் நடுத்துளையைக் கண் என்பார்கள். வௌவாலும் காசும் சேர்ந்து நின்றால் 'நற்பேறு கண்முன்னே இருக்கிறது' என்ற வாழ்த்தாகப் படிக்க வேண்டும். ஸ்டூலின் காசு ஓட்டைக்குப் பக்கத்தில் வௌவால் வரைந்திருந்தால் அதை நின்று படித்துவிட்டுப் போங்கள், குயவனும் ஓவியனும் சேர்ந்து எழுதிய ஒரு வரி அது. பியோனிப் பூ செல்வத்துக்கு, கொக்கு நீண்ட ஆயுளுக்கு. பக்கவாட்டில் வளையம் கவ்விய சிங்க முகம், கைப்பிடியின் நினைவாக வந்த அலங்காரம்.

தட்டினால் 'டங்' என்று கேட்காவிட்டால் விரிசலா?

விரல் முட்டியால் மெதுவாகப் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். முழுப் பீங்கான் ஸ்டூல் தெளிவாக ஒலிக்கும், ஓரிடத்தில் மட்டும் ஒலி செத்துப்போனால் அங்கே மயிரிழை விரிசலோ பழைய ஒட்டோ இருக்கும். குறைந்த சூட்டு மண் நன்றாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் பிற்காலத்து ஒட்டுப் பசையும் மேற்பூச்சும் சுற்றியுள்ள பூச்சிலிருந்து வேறுபட்டு, பெரும்பாலும் பால் வெண்மையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். விரிசல்கள் அதிகமும் காசு ஓட்டையின் கூரிய மூலையிலிருந்து கிளம்பும். அங்கேதான் இழுவிசை கூடுகிறது.

இன்றும் உட்காரலாமா?

விரிசல் இல்லாத, சமதரையில் ஆடாமல் நிற்கிற ஸ்டூலில் உட்காரலாம். பீங்கான் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், வளைவையும் அதிர்ச்சியையும் தாங்காது. உடைவது பெரும்பாலும் எடையால் அல்ல, ஆட்டத்தால்தான்: சூளையில் கொஞ்சம் கோணிய அடிவிளிம்பு மூன்று புள்ளியில் மட்டும் தரையைத் தொட, உட்கார்ந்தவர் பின்னால் சாய, முழு எடையும் ஒரு ஓரத்தில் விழுகிறது. விளிம்புக்கு அடியில் 3 மில்லிமீட்டர் கம்பளத் துண்டுகளை வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். மேலே ஏறி நிற்கவே கூடாது. விரிசல் உள்ளதையும் ஒட்டியதையும் பார்வைக்கு மட்டும் வையுங்கள்.

வெளியில் மழையில் வைக்கலாமா?

உயர் சூட்டுப் பீங்கானும் ஷீவான் வகையும் நம் வெப்ப நாடுகளின் மழையைத் தாங்கும். தண்ணீரை உறிஞ்சும் மண் ரகத்தைக் கூரைக்குள் வையுங்கள். உறிஞ்சிய நீரில் கரைந்த உப்பு, காயும்போது பூச்சுக்கு அடியில் படிகமாகிப் பூச்சைச் செதிலாகப் பெயர்த்துவிடும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் வேகம். உறைபனி விழும் நாடுகளில் இருப்பவர்கள் எந்த ரகத்தையும் குளிர்காலத்தில் வெளியே விடாதீர்கள்: தண்ணீர் பனியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருத்து, சிறு விரிசலையும் பிளந்துவிடும்.

தங்கமும் மேல்வண்ணமும் உள்ள ரோஸ் மெடாலியன் ஸ்டூலை எங்கே இருந்தாலும் வீட்டுக்குள் வையுங்கள். அந்த வண்ணங்கள் பூச்சுக்கு மேலே, 700–850 டிகிரி அளவிலான இரண்டாம் சூட்டில் ஒட்டியவை. அடியிலுள்ள பூச்சைப் போன்ற உறுதி அவற்றுக்கு இல்லை.

இன்னொன்று: அடிப்பக்கம் மூடிய ஸ்டூலில் மேல் ஓட்டை வழியே மழை நீர் இறங்கித் தேங்கும். வெளியே தெரியாது. டெங்கு கொசு அங்கே முட்டையிடும். வாரம் ஒருமுறை சாய்த்து வடியுங்கள்.

மேலே செடித்தொட்டி வைக்கலாமா?

வைக்கலாம். தொட்டிக்கு அடியில் ஆழமான தட்டு, தட்டுக்கு அடியில் கம்பளத் துண்டு. தொட்டியின் அடி, ஸ்டூலின் மேல்தளத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும். உர நீர் ஓட்டை வழியே உள்ளே இறங்கினால், பூச்சில்லாத உட்சுவர் அதைக் குடித்து வெளிப்பக்க நுண்விரிசல்களில் பழுப்புக் கறையாகக் காட்டும்.

எப்படிக் கழுவுவது?

ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், அதில் சில சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மிருதுவான தூரிகை, பருத்தித் துணி. மேல்வண்ணமும் தங்கமும் உள்ள இடத்தைத் தேய்க்காமல் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தண்ணீரை உறிஞ்சும் மண் ரகத்தையும் ஒட்டுப் போட்டதையும் நனைக்காதீர்கள், துடைத்தால் போதும்.

புளி, எலுமிச்சை, வினிகர் வேண்டாம். பித்தளையைப் பளிச்சிட வைக்கும் அதே அமிலம், ஈயம் கலந்த பூச்சையும் மேல்வண்ணத்தையும் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் கறையை எடுப்பது போலத் தெரியும், ஆனால் விட்டுப்போகும் உப்பு பின்னால் பூச்சைப் பெயர்க்கும். சாம்பல், இரும்பு நார், தேய்ப்புத் தூள் எதுவும் வேண்டாம். பூச்சுக்கு அடியில் போன ஆழ்ந்த கறையைப் பழுதுபார்ப்பு நிபுணரிடம் விடுங்கள். பழைய ஸ்டூலின் தேய்மானம் அதன் வயதுச் சான்று. அதைப் 'புதுசாக்கி' அழித்தவர்களை நிறையப் பார்க்கிறோம். மனசு கனக்கிறது.

உடைந்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

தரையைப் பெருக்கி, அரிசிமணி அளவுத் துண்டுவரை பொறுக்கி வையுங்கள். துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்: உடைந்த முகங்கள் ஒவ்வொரு உரசலுக்கும் பொடிந்து, பிறகு இடைவெளி இல்லாமல் சேராது. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றுங்கள். தங்கம், வண்ணம் மேல் டேப் ஒட்டாதீர்கள். கடையில் கிடைக்கும் உடனடிப் பசையை இவ்வளவு எடைக்குப் பயன்படுத்தினால், நொறுங்கி விட்டுவிடும். எபாக்சி வலுவாகப் பிடிக்கும், ஆனால் காலப்போக்கில் மஞ்சளாகும், பிரிப்பதும் கடினம். வேலையை நிபுணரிடம் கொடுங்கள். எந்தப் பசை, எங்கெங்கே நிறம் தீட்டியது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விரிசலின் குறுக்கே உலோகத் தையல் இருக்கிறது. எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். சுவரின் பாதி ஆழம் துளையிட்டு உலோகக் கவ்விகளைப் பொருத்தும் இந்த முறை, நல்ல பசைகள் வருவதற்கு முந்தியது. விலையைக் குறைக்கும்தான். ஆனால் இது இந்தப் பொருளை ஒருவர் எவ்வளவு மதித்தார் என்பதற்கான சான்று. எடுத்தால் துளைகள்தான் மிஞ்சும்.

ஆய்வகத்தில் வயது பார்க்கலாமா?

வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று ஒன்று உண்டு. கடைசியாகச் சூளையில் சுட்ட பிறகு மண்ணில் சேர்ந்த கதிர்வீச்சை அளப்பது அது. ஆண்டு சொல்லாது. பழையதா, அண்மையில் செய்ததா என்று பிரிக்கும். பீங்கானில் சிறு துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும். மிங் காலத்தது என்று விலை கேட்டால் மட்டும் யோசியுங்கள். 19ஆம் நூற்றாண்டு ஏற்றுமதி ஸ்டூலுக்குத் துளை போடுவது வீண்.

யானை உருவ ஸ்டூல்களும் சீனத்தவையா?

பல வியட்நாமில், 20ஆம் நூற்றாண்டில் செய்தவை. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர் நிறைய வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள்.

விலையை எவை தீர்மானிக்கின்றன?

வரிசையாகச் சொன்னால்: காலம், சேதம், வேலைப்பாட்டின் தரம், ஜோடியா தனியா என்பது. ஒரே கையால் செய்த ஜோடி, தனி ஸ்டூலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போகும். ஆனால் ஜோடி என்று விற்பவற்றை அளந்து பாருங்கள். ஏற்றுமதி ஸ்டூல்கள் வழக்கமாக 45–48 செ.மீ. உயரம். பழைய ஜோடியில் சில மில்லிமீட்டர் வித்தியாசமும் சித்திரத்தில் சிறு மாறுதலும் இருக்கும். கச்சிதமாக ஒன்றுபோல் இருந்தால் அச்சு வார்ப்பு என்று சந்தேகியுங்கள். அடிவிளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருப்பது பெரிய குறையல்ல, மேல்தளத்தில் ஓடும் விரிசல் பெரிய குறை.

நாடு விட்டு நாடு கொண்டுபோகலாமா?

சீனாவிலிருந்து 1911க்கு முந்திய பழம்பொருள்களை வெளியே எடுத்துவர முடியாது. வெளியேற அனுமதித்த பழைய பொருள்களில் சிவப்பு அரக்கு முத்திரை இருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. எங்கிருந்து வாங்கினாலும் ரசீதையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

எப்படிக் கட்டி அனுப்புவது?

காசு ஓட்டையில் விரல் கோத்துத் தூக்கவே கூடாது. அந்தக் காலத்தில் அதற்குத்தான் வைத்தார்கள், ஆனால் நூறு ஆண்டுக்குப் பிறகு அந்த மூலைகளை நம்ப முடியாது. ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றைச் சுற்றி. முதலில் அமிலமில்லாத மெல்லிய தாள், பிறகு குமிழித்தாள் இரண்டு மூன்று சுற்று. குமிழ்கள் இருக்கும் இரண்டு வரிசைக்கும் தனியாக நுரைப் பட்டை, ஏனென்றால் அடி முதலில் அங்கேதான் விழும். உள்ளே எதையும் இறுக்கித் திணிக்க வேண்டாம், வெளி அழுத்தம் சுவருக்கு நேராகப் போய்விடும். உள்பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 10 செ.மீ. மெத்தை விட்டு வெளிப்பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியை ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.